நிசிரோஸ் எரிமலைத் தீவு: கேட்டவர்களுக்குப் பதில்

கிரேக்கப் பயணம் பற்றி வந்த கேள்விகளில் நிசிரோஸ் தீவைத் தொட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எரிமலைத் தீவு என்றாலே ஊரெல்லாம் சாந்தோரினி என்கிறது. நீங்கள் மட்டும் ஏன் நிசிரோஸைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறீர்கள்?

பதில்: சாந்தோரினியில் எரிமலை உண்டாக்கிய பெரும்பள்ளத்தில் கடல் புகுந்துவிட்டது. நிசிரோஸின் பள்ளம் காய்ந்த தரையாகக் கிடக்கிறது. பஸ்ஸிலேயே அதற்குள் இறங்கிவிடலாம். கோஸ் தீவுக்குத் தெற்கே, ஏறக்குறைய வட்டமான தீவு இது. பரப்பு சுமார் 41 சதுர கிலோமீட்டர். நடுவில் நாலு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம், அதற்குள் லாக்கி என்னும் சமவெளி. மந்த்ராக்கி, பாலி, எம்போரியோஸ், நிக்கியா என்று ஊர்கள் நான்கே. கூட்டத்தில் இடிபடவும் ஆசை இருந்தால் சாந்தோரினிக்கே போங்கள், நான் தடுக்கவில்லை.

கேள்வி: கோஸிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பினால் போதாதா?

பதில்: போதாது. பகல் படகில் வருகிறவர்களை நேரே எரிமலை வாய்க்கு ஏற்றிப்போய், மந்த்ராக்கியில் சாப்பாடு போட்டு, திரும்பக் கூட்டிப்போய்விடுகிறார்கள். மலைமேல் உள்ள எம்போரியோஸ், நிக்கியா இரண்டையும் பலர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. படகுகள் போன பிறகுதான் மந்த்ராக்கியின் சந்துகளில் உள்ளூர்க்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார்கள். இரண்டு இரவாவது தங்குங்கள். கோஸின் கர்தமேனா துறையிலிருந்து படகில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான்.

கேள்வி: எரிமலை வாய்க்குள் இறங்குவது ஆபத்தில்லையா? குழந்தைகளோடு வருகிறோம்.

பதில்: லாக்கி சமவெளியில் உள்ள ஸ்தெஃபனோஸ் என்கிற அந்த வாய் 300 மீட்டருக்கு மேல் நீளம், முப்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழம். நெருப்புக் குழம்பு கக்கி உண்டானதல்ல. நிலத்தடி நீர் சூடேறி, நீராவி மேலே இருந்த பாறையைப் பிளந்து உண்டானது. அப்படிப்பட்ட நீராவி வெடிப்பு இந்தத் தீவில் கடைசியாக நடந்தது 1887–88இல். ஆகவே எரிமலை தூங்குகிறது, சாகவில்லை. 1996–97இல் நிலநடுக்கங்கள் தொடர்ந்து வந்து மந்த்ராக்கியில் வீடுகள் விரிசல் விட்டன.

கீழே இறங்கினால் வெளிறிய மண்ணில் சிறு சிறு துளைகள். அவற்றின் வாயோரம் மஞ்சள் கந்தகம் ஊசி ஊசியாகப் படிந்திருக்கும். குனிந்தால் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்கும். கயிறு கட்டிய இடத்தைத் தாண்டவே கூடாது. அங்கே மேலோடு மெல்லியது, அடியில் கொதிக்கும் சேறு. குழந்தைகளின் கையை விடாதீர்கள். கனமான அடி வைத்த செருப்பு போடுங்கள், உச்சிவெயிலில் இறங்காதீர்கள். முட்டை அழுகிய நாற்றம் துணியில் ஏறிக்கொள்ளும், துவைத்தால் போய்விடும்.

கேள்வி: எம்போரியோஸா, நிக்கியாவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.

பதில்: நிக்கியா. பள்ளத்தின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் எரிமலை. போர்த்தா என்கிற வட்டச் சதுக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமான கூழாங்கற்களைப் பதித்துக் கோலம் போட்டது போலத் தரை அமைத்திருக்கிறார்கள். எரிமலை அருங்காட்சியகமும் அங்கேதான். எம்போரியோஸ் மக்கள் பெரும்பாலும் கீழே இறங்கிவிட்ட ஊர். அதன் வாசலில் ஒரு சிறு குகை உண்டு, பூமியிலிருந்து வெந்நீராவி வந்துகொண்டே இருக்கும். உள்ளே உட்கார்ந்து வியர்க்கலாம், காசு வேண்டாம்.

கேள்வி: திருவிழாக் காலத்தில் போக வேண்டுமென்றால் எப்போது?

பதில்: ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்பு நாள். மந்த்ராக்கிக்கு மேலே பழைய கோட்டைக்குள் பனாயியா ஸ்பிலியானி என்கிற குகைக் கோயில் இருக்கிறது. விழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் பெண்கள் கறுப்புடை உடுத்தி, நோன்பிருந்து, அங்கேயே தங்கி வழிபடுகிறார்கள். விழா முடிந்ததும் ஊரில் விருந்து, நடனம். அமெரிக்காவில் குடியேறிய நிசிரோஸ்காரர்களும் இந்த நாட்களில் ஊர் திரும்புவதால் அறை கிடைப்பது கடினம். முன்பே பதிவு செய்யுங்கள். கோயிலுக்குள் தோள் மூடிய உடை அவசியம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: தாராளமாக. கொண்டைக்கடலையை அரைத்துப் பொரிக்கிற பித்தியா உள்ளூர்ப் பண்டம். நம் வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. குடிக்க சுமாதா, பாதாம் பாகில் குளிர்ந்த தண்ணீர் கலந்தது. எனக்குத் தித்திப்பு கொஞ்சம் அதிகம்.

கேள்வி: இந்தத் தீவுக்குப் புராணக் கதை உண்டாமே?

பதில்: உண்டு. கடல் தெய்வம் பொசைடன், பொலிபோத்திஸ் என்னும் அரக்கனைத் துரத்தினான். கோஸ் தீவில் ஒரு துண்டைப் பெயர்த்து அவன் மேல் எறிந்தான். அந்தத் துண்டே நிசிரோஸ், அடியில் முனகுவது அரக்கன்.

கேள்வி: பழைய இடிபாடுகள் ஏதும் பார்க்கத் தகுந்ததா?

பதில்: பலியோகாஸ்த்ரோவைத் தவறவிடாதீர்கள். மந்த்ராக்கியிலிருந்து நடக்கிற தூரம்தான். கி.மு. 4ஆம் நூற்றாண்டு மதில். கரிய எரிமலைப் பாறைகளைச் சாந்தில்லாமல் இழைத்து அடுக்கியிருக்கிறார்கள், வாயில் இன்னும் நிற்கிறது. மதிலிலிருந்து ஐந்து அடி வரை பொது நிலம் என்று கிரேக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. புறம்போக்கை வளைக்கிறவர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்!

கேள்வி: கடற்கரை எப்படி?

பதில்: மந்த்ராக்கியை ஒட்டிய ஹோஹ்லாக்கியில் கருங்கூழாங்கற்கள், பார்க்க அழகு, அலை அடித்தால் குளிக்க இறங்காதீர்கள். நீந்த வேண்டுமென்றால் பாலி பக்கம் போங்கள்.