லைசென்ஸ் அப்பாவோடு முடிந்தது. துப்பாக்கி உங்கள் பீரோவில் இருக்கிறது

வாசகர் கடிதம் (சுருக்கம்): மலையடிவாரத்தில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. தாத்தா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று அப்பாவின் லைசென்ஸில் இருந்தது. அப்பா போன வருடம் தை மாதம் காலமானார். ‘இது உனக்குத்தான்’ என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நிலத்தில் நல்ல பகுதியை எடுத்துக்கொண்ட அண்ணன், இப்போது துப்பாக்கியும் வேண்டும் என்கிறார். தராவிட்டால் போலீஸில் சொல்லிவிடுவேன் என்கிறார். அது ஆடி மாதம் வரை அவர் குடியிருக்கும் பூர்வீக வீட்டில்தான் இருந்தது. பிறகு நான் காரில் எடுத்து வந்தேன். இப்போது என் பீரோவில் தோட்டாக்களோடு பத்திரமாக இருக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் 2027 வரை செல்லும் என்று போட்டிருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு முறை வானத்தைப் பார்த்துச் சுட்டேன். ரவுடிகள் கள்ளத் துப்பாக்கியோடு திரிகிறார்கள்; எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இத்தனை கெடுபிடி. அண்ணன் மீது வழக்குப் போட்டு துப்பாக்கியை என் பெயருக்கு மாற்ற முடியுமா? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

பெயரும் ஊரும் வேண்டாம் என்று நீங்களே சொன்னது நல்லதாயிற்று. கடிதத்தில் முக்கால்வாசி அண்ணனைப் பற்றியது. அவர் நல்லவரா, நிலத்தில் ஏமாற்றினாரா என்பதெல்லாம் வேறு வழக்கு, வேறு நீதிமன்றம். சட்டத்தின் கண்ணில் படப்போவது ஒரே ஒரு வரிதான்: துப்பாக்கி உங்கள் பீரோவில் இருக்கிறது. அதற்கு உங்களிடம் லைசென்ஸ் இல்லை.

‘2027 வரை செல்லும்’ என்பது அப்பாவுக்குச் சொன்னது. ஆயுத உரிமம் ஒரு ஆளுக்குக் கொடுப்பது. அது துப்பாக்கிக்கும் வீட்டுக்கும் குடும்பத்துக்கும் கொடுப்பதல்ல. அப்பா இறந்த அன்றே அது முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தத் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் வைத்திருக்க உங்கள் குடும்பத்தில் யாருக்கும் உரிமை இல்லை. இப்படி எந்தக் காரணத்தாலாவது வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், தேவையற்ற தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டம், 1959-இன் 21-ஆம் பிரிவு. நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் விட்டுவிட்டீர்கள். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 25(1பி)(ஏ) பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. ஜாமீனில் விட முடியாத குற்றம். தாத்தா வாங்கியதா, கள்ளச் சந்தையில் வந்ததா என்று அந்தப் பிரிவு பிரித்துப் பார்க்காது.

ரவுடிகளைப் பற்றிய ஆதங்கம் நியாயம்தான். நானும் லைசென்ஸ் வைத்திருப்பவன். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க ஸ்டேஷன் வாசலில் நிற்பவன். ஆனால் நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது அரசமைப்பு தந்த உரிமை இல்லை. அரசு தரும் அனுமதி. மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததையும் 2019-இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். இந்த ஆதங்கத்தை நீதிமன்றத்தில் சொன்னால் நீதிபதி தலையாட்டிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்வார்.

போலீஸுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது அப்பா ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதின் நகலை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள். அந்தப் பதிவேட்டில் துப்பாக்கி எண் இருக்கிறது. அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஏட்டு பட்டியலோடு வீட்டுக்கு வருவார். அதற்கு முன்னால் நீங்கள் போக வேண்டும். தானாகப் போய் ஒப்படைத்த துப்பாக்கியும் பீரோவைத் திறந்து எடுத்த துப்பாக்கியும் ஒன்றல்ல. உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்கு வழக்குத் தொடர மாவட்ட மாஜிஸ்திரேட்டின், அதாவது கலெக்டரின், முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-ஆம் பிரிவு. கோப்பு அவர் மேசைக்குப் போகும்போது முதல் தாளாக உங்கள் ஒப்படைப்புக் கடிதம் இருக்க வேண்டும். உங்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு அதுதான்.

வழக்கறிஞரான என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இந்த ஒப்படைப்பு. பயத்தில் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் புறப்படுவார்கள். வழியில் வாகனச் சோதனையில் நிறுத்தினால் ‘ஒப்படைக்கத்தான் போகிறேன்’ என்பதை யார் நம்புவது? முதலில் கடிதம் போகட்டும். அப்பா இறந்த தேதி, உரிமம் எண், துப்பாக்கி எண், தோட்டா எண்ணிக்கை, 21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்க விரும்புகிறேன் என்ற வரி, எங்கே எப்போது கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி, இவ்வளவு போதும். இன்ஸ்பெக்டருக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். அப்புறம் ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாமதத்துக்குக் கதை ஜோடிக்க வேண்டாம். காரியம், வாரிசுச் சான்றிதழ், பங்குப் பேச்சு என்று உண்மையில் என்ன நடந்ததோ அதை இரண்டு வரியில் எழுதினால் போதும்.

இதைவிட மோசமான பள்ளம் ஸ்டேஷனுக்குள் இருக்கிறது. நல்லபடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எழுத்தர் ஒரு தாளை நீட்டி ‘ஃபார்மாலிட்டிதான், கையெழுத்துப் போடுங்க சார்’ என்பார். அது ஒப்படைப்பு ரசீதா, கைப்பற்றல் மகஜரா (போலீஸ் பறிமுதல் செய்ததாக எழுதும் பத்திரமா) என்று பார்க்காமல் போட்டுவிடுவார்கள். ‘தகவலின்பேரில் சோதனை செய்து கைப்பற்றப்பட்டது’ என்று ஒரு வரி அதில் இருந்தால் உங்கள் ஒப்படைப்பு காற்றோடு போயிற்று. கையெழுத்துப் போட்ட பிறகு என்னிடம் கொண்டுவருகிறவர்களே அதிகம். ரசீதில் ‘21-ஆம் பிரிவின்படி ஒப்படைக்கப்பட்டது’ என்ற சொற்கள் இருக்க வேண்டும். துப்பாக்கி எண், குழல் அளவு, தோட்டா எண்ணிக்கை, தேதி, முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் ஒப்படைக்கவே இல்லை என்றுதான் கணக்கு. ‘நாளைக்கு வாங்கிக்கோங்க’ என்றால் அங்கேயே உட்காருங்கள். அல்லது அன்று மாலையே இன்ஸ்பெக்டருக்கும் கலெக்டருக்கும் நடந்ததை எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

தோப்பு மோட்டார் அறையில் வேலைக்காரரிடம் கொடுத்து வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மனிதரையும் குற்றவாளியாக்கத்தான் அது பயன்படும். உங்களுக்கும் தப்பிப்பு இல்லை. கையில் இருக்க வேண்டியதில்லை, உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே உடைமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1972-இலேயே குன்வந்த்லால் வழக்கில் சொல்லிவிட்டது. லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பரிடம் கொடுப்பதும் உதவாது. அவருடைய உரிமத்தில் எழுதியிருக்கும் துப்பாக்கியை வைத்திருக்கத்தான் அவருக்கு அனுமதி.

இனி அந்த ஒரு வேட்டு.

நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பயன்படுத்துவது 27(1) பிரிவு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. மாவட்ட மாஜிஸ்திரேட் முன் அனுமதி என்று சொன்னேனே, அந்த 39-ஆம் பிரிவு வைத்திருந்த குற்றத்துக்கு மட்டும்தான். சுட்டதற்கு அந்தத் தடுப்புச் சுவர் கிடையாது. இதை இனி யாருக்கும் எழுதாதீர்கள், வாட்ஸ்அப்பில் அண்ணனுக்குப் பதில் சொல்லும்போது உளறாதீர்கள். உங்கள் வழக்கறிஞரிடம் மட்டும் முழுசாகச் சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசமைப்பின் 20(3) சொல்கிறது. சும்மா இருக்கலாம் என்பது வேறு, தோட்டா எண்ணிக்கையை மாற்றி எழுதுவது வேறு. கைவசம் இருக்கும் தோட்டாக்களை அப்படியே எண்ணிக் கொடுங்கள். தோப்பில் சத்தம் கேட்டவர்கள் இருப்பார்கள், அண்ணனுக்கும் தெரிந்திருக்கலாம். அதனால் ஒப்படைக்கும் முன்பே முன்ஜாமீன் மனு தேவையா என்பதை உங்கள் வழக்கறிஞர் முடிவு செய்யட்டும். தேவை என்றுதான் எனக்குப் படுகிறது.

பன்றியைச் சுடலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடுவார்கள். எங்குமே விவசாயி சுட அனுமதி இல்லை, லைசென்ஸ் இருந்தாலும். மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் வனஉயிரினச் சட்டம் குற்றமாகப் பார்க்காது. தென்னங்கன்றைக் காப்பது அதில் வராது. பயிர்ச் சேதத்துக்கு ரேஞ்சர் அலுவலகத்தில் மனு கொடுங்கள், போட்டோவோடு.

வழக்குக்கு வருவோம். போடாதீர்கள்.

‘உனக்குத்தான்’ என்று அப்பா வாயால் சொன்னது உயில் ஆகாது. உயிலே இருந்தாலும் துப்பாக்கியின் மதிப்பு உங்களுக்கு வரும், வைத்திருக்கும் உரிமை வராது. உயில் இல்லாததால் அது வாரிசுகள் எல்லோருக்கும் பொது. அம்மாவும் அக்காவும் இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் சம பங்கு. ஆயுத விதிகள், 2016-இன் 25-ஆவது விதிப்படி வாரிசுக்கு உரிமம் தரலாம். நடைமுறையில் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இல்லாமல் கோப்பு நகராது. அண்ணன் மீது நீங்கள் வழக்குப் போட்ட மறுநாள் அவர் கலெக்டருக்கு ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும்: ‘எங்களுக்குள் பகை, என் உயிருக்கு ஆபத்து.’ பொது அமைதியைக் காரணம் காட்டி மறுக்க ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, மறுப்பார்கள். மேல்முறையீடு உண்டு, போகலாம். அதற்குள் ஒப்படைத்த துப்பாக்கிக்கான காலக்கெடு முடிந்து அது அரசுடைமை ஆகிவிடலாம். சிவில் வழக்கில் ஜெயித்தும் கையில் ஒன்றுமில்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய துப்பாக்கியை விற்றால் வரும் பணம் வக்கீல் பீஸுக்கே காணாது. வழக்கறிஞராக இருந்துகொண்டு இதைச் சொல்கிறேன்.

அண்ணனின் மிரட்டலுக்கு நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆடி வரை துப்பாக்கி இருந்தது அவர் வீட்டில். அப்பா இறந்தது தையில். அந்த ஆறு மாதத்துக்கு அவர் என்ன பதில் சொல்வார்? போலீஸில் சொன்னால் இரண்டு பேர் பெயரும்தான் எழுதப்படும். இதை வைத்து நீங்கள் திருப்பி மிரட்டக் கூடாது; மிரட்டினால் அது தனிக் குற்றம். அவருடைய வழக்கறிஞரிடம் உங்கள் வழக்கறிஞர் பேசட்டும், அவருக்கே புரிந்துவிடும்.

பேசி முடிக்கும்போது உரிமத்துக்கு யார் விண்ணப்பிப்பது? அண்ணனே போடட்டும். அவர் சுடவில்லை. போலீஸ் விசாரணையில் அக்கம்பக்கத்தில் கேட்கும்போது உங்கள் பெயரோடு அந்த வேட்டுச் சத்தமும் சேர்ந்து வரும். நீங்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுங்கள், சும்மா கொடுக்காதீர்கள். பாதைப் பிரச்சினையும் கிணற்றுத் தண்ணீர் முறையும் தீராமல் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அவற்றை அதே குடும்ப ஏற்பாட்டுப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். துப்பாக்கி எண்ணும், உரிமம் கிடைக்காவிட்டால் டீலரிடம் விற்றுப் பணத்தை நாலு பேரும் பிரித்துக்கொள்வது என்ற வரியும் அதில் இருக்கட்டும். அம்மாவும் அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் இந்தப் பேச்சு முடியட்டும் என்று ஒப்படைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பத்திரத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம், கடிதம் இந்த வாரமே போக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்ற லைசென்ஸ்தாரர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 ஆண்டு கைவசம் இருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே, தான் காட்டும் வாரிசுக்கு உரிமம் கேட்க அதே 25-ஆவது விதி வழி தருகிறது. அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவரைக் கலெக்டர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.