ஃபானி ஹென்செல்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஃபானி மெண்டல்ஸோன், ஃபானி ஹென்செல் இரண்டு பேரும் ஒருவர்தானா?

ஒருவரேதான். 1805இல் ஹாம்பர்க்கில் பிறந்து பெர்லினில் வளர்ந்த ஜெர்மன் இசையமைப்பாளர், புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்ஸோனின் அக்கா. 1829இல் ஓவியர் வில்ஹெல்ம் ஹென்செலை மணந்தார்.

கேள்வி: தம்பி அளவுக்குத் திறமை இருந்ததா, அல்லது இப்போது மிகைப்படுத்துகிறார்களா?

பதின்மூன்று வயதில், அப்பாவை மகிழ்விக்க இசையமைப்பாளர் பாஹின் 24 பிரலூடுகளை (சிறு வாத்தியப் படைப்புகளை) இசைத்தாளைப் பார்க்காமலே வாசித்த பெண் அவர். தம்பிக்கும் அவருக்கும் ஒரே ஆசிரியர், செல்ட்டர். தன் புதிய படைப்புகளைப் பற்றி ஃபெலிக்ஸ் கடைசிவரை அக்காவிடம்தான் கருத்துக் கேட்டார். சுமார் 450 படைப்புகளை விட்டுச்சென்றவரைப் பற்றி இந்தச் சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: அப்புறம் ஏன் வெளியே தெரியவில்லை? வீட்டில் தடுத்தார்களா?

எழுதுவதை யாரும் தடுக்கவில்லை, வெளியிடுவதைத்தான் தடுத்தார்கள். 1820இல் அப்பா ஆபிரகாம் எழுதிய கடிதத்தின் சாரம் இது: ஃபெலிக்ஸுக்கு இசை ஒருவேளை தொழிலாகலாம், உனக்கு அது ஓர் அணிகலனாக மட்டுமே இருக்க முடியும். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு எழுதிய வரி. அப்பா இறந்தபின், 1837இல், அக்காவின் படைப்புகளை அச்சிட ஊக்குவிக்கும்படி அம்மா கேட்டபோது ஃபெலிக்ஸும் மறுத்துவிட்டார். அவளுக்கு வீட்டுப் பொறுப்பே முதன்மை என்றார். அன்பான தம்பிதான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் செய்தது அநியாயம் என்றே சொல்வேன். கணவர் வில்ஹெல்ம் நேர்மாறு, அச்சிடு அச்சிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்.

கேள்வி: விக்டோரியா ராணி ஃபானியின் பாடலைப் பாடிய கதை உண்மையா?

உண்மை. ஃபெலிக்ஸ் தன் 8, 9ஆம் படைப்பு எண்களில் (ஓபஸ்) வந்த பாடல் தொகுப்புகளில் அக்காவின் ஆறு பாடல்களையும் தன் பெயரிலேயே சேர்த்திருந்தார். 1842இல் பக்கிங்ஹாம் அரண்மனையில் ராணி தனக்குப் பிடித்தது என்று பாடியது அவற்றில் ஒன்றான 'இத்தாலி'. அது அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

கேள்வி: மேடையில் வாசித்ததே இல்லையா?

பொதுமேடையில் மிக அரிது. 1838இல் ஓர் அறக்கொடைக் கச்சேரியில் தம்பியின் முதல் பியானோ கான்செர்ட்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசித்தார். ஆனால் பெர்லின் லைப்ஸிகர் தெரு வீட்டில் அவர் நடத்திய ஞாயிறு கச்சேரிகள் ஊருக்கே தெரியும். நிகழ்ச்சி வகுப்பது, பாடகர் குழுவைப் பழக்குவது, நடத்துவது எல்லாம் அவரே.

கேள்வி: ஈஸ்டர் சொனாட்டா விவகாரம் என்ன?

1828இல் ஃபானி பியானோவுக்காக எழுதிய, பல பகுதிகள் கொண்ட படைப்பு அது. பிற்காலத்தில் பாரிஸில் கிடைத்த கையெழுத்துப் பிரதியை ஃபெலிக்ஸுடையது என்று நம்பி, அவர் பெயரிலேயே ஒலிப்பதிவும் செய்தார்கள். 2010இல் ஆஞ்செலா மேஸ் என்ற ஆய்வாளர் அந்தப் பிரதியை நேரில் பார்த்தார். கையெழுத்து ஃபானியுடையது. அதுமட்டுமல்ல, ஃபானியின் இன்னொரு கையெழுத்துத் தொகுப்பில் சில பக்கங்கள் காணாமல் போயிருந்தன. சொனாட்டாவின் பக்க எண்கள் சரியாக அந்த இடைவெளியில் பொருந்தின. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கேள்வி: எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'ஆண்டு' என்ற பியானோ தொகுப்பிலிருந்து. இத்தாலியில் ஓராண்டு மகிழ்ச்சியாகக் கழித்துத் திரும்பியபின் 1841இல் எழுதியது. மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, கடைசியில் ஒரு பின்னுரை. திருத்தி எழுதிய இறுதிப் பிரதியை வண்ணத் தாள்களில் எழுதினார், கணவர் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு படம் வரைந்தார். மார்ச்சில் ஈஸ்டர் கீதம் எப்படி மெல்ல எழுந்து பெரிதாகிறது என்று கவனியுங்கள். டிசம்பரில் பனி கொட்டுகிற வேகத்துக்கு நடுவே கிறிஸ்துமஸ் கீதம் வரும். அது பிடித்துவிட்டால் பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான டி மைனர் டிரையோவுக்குப் போங்கள். என் கணக்கில் அவருடைய உச்சம் அதுதான்.

கேள்வி: கடைசியில் சொந்தப் பெயரில் ஒன்றுமே அச்சாகவில்லையா?

ஆனது. 1846இல், நாற்பது வயதில், தம்பியின் சம்மதத்துக்குக் காத்திராமல் பதிப்பகத்தாருடன் பேசி முடித்துவிட்டுத்தான் அவருக்குத் தகவலே சொன்னார். ஒருமாதம் கழித்து ஃபெலிக்ஸிடமிருந்து வாழ்த்து வந்தது. முதல் படைப்பு எண்ணில் (ஓபஸ் 1) ஆறு பாடல்கள் வெளிவந்தன, பியானோ தொகுப்புகளும் தொடர்ந்தன. 1847 மே 14 அன்று ஞாயிறு கச்சேரிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி அன்றிரவே இறந்தார். டி மைனர் டிரையோ 1850இல்தான் அச்சேறியது.