மறு: என்ஜிசி 3628-இன் வால் வரவே இல்லை

என்ஜிசி 3628 என்ற விண்மீன் பேரடையை (கேலக்ஸி) 6 அங்குலத் தொலைநோக்கியில் 3 மணி நேரம் படம் எடுத்தும் அதன் வால் தெரியவில்லை என்கிறீர்கள். படத்தைப் பார்த்தால், பின்னணிச் சாய்வை (வான வெளிச்சம் படத்தில் சீரில்லாமல் படிவதை) மென்பொருளில் நீக்கும்போதே வாலும் சேர்ந்து போயிருக்கிறது என்று தோன்றுகிறது. பக்கத்துப் பேரடையான எம்66 உடன் உரசியதில் பிய்ந்ததாகக் கருதப்படும் அந்த வால், ஏறத்தாழ 3 லட்சம் ஒளியாண்டு நீளம். வானில் கிழக்குப் பக்கமாக, ஏறத்தாழ முழுநிலவின் அகலம் அளவுக்கு நீள்கிறது. இவ்வளவு பரந்து மங்கலாக இருப்பதை மென்பொருள் ஊர் வெளிச்சம் என்றே எடுத்துக்கொள்ளும். பின்னணியை அளக்க மென்பொருள் தானாக வைத்த மாதிரிப் புள்ளிகளைக் கிழக்குப் பக்கத்தில் கையாலேயே அழித்துவிடுங்கள். ஓரங்களில் நாலைந்து போதும். பிளாட்டும் (ஓர இருட்டையும் தூசி நிழலையும் சரிசெய்ய எடுக்கும் சீரான வெளிச்சப் படம்) சரியா என்று பாருங்கள். அப்புறம், புறநகர் வானத்துக்கு 3 மணி நேரம் ரொம்பக் குறைவு. நிலவில்லாத இரவுகளில் இன்னும் 10 மணி நேரமாவது சேருங்கள். முடிந்தால் ஓர் இரவு ஊரை விட்டு வெளியே போய் எடுத்துப் பாருங்கள், கட்டாயம் வரும்.