தோட்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு முன்னால் 60 சதுர மீட்டருக்குக் கிகுயூ புல் இருக்கிறது. கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் காய்கிறது. அதை எடுத்துவிட்டு, அதிகம் தண்ணீர் கேட்காத தோட்டம் போட ஆசை. கறிவேப்பிலை, துளசி, சாமிக்குப் பூ இவையும் வேண்டும்.
– வாசகி, ரைலண்ட்ஸ், கேப் டவுன்

பதில்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் நின்றால் அது 1 லிட்டர். கோடையில் புல்லுக்கு வாரம் 25 மி.மீ. கொடுத்தால் உங்கள் தரைக்கு 1,500 லிட்டர் போகும். 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கேப் டவுனில் கட்டுப்பாடு வந்ததே, அந்தக் கணக்கில் நாலு பேர் உள்ள வீட்டின் மொத்த வாரத் தண்ணீரே 1,400 லிட்டர்தான். புல்லை எடுத்துவிடுங்கள்.

வெறுமனே கொத்திப் போட்டால் தீராது. கணுவோடு ஒரு துண்டு வேர்த்தண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி தழைக்கும். ஜனவரியில் ஒட்ட வெட்டி, ஒரு முறை நன்றாக நனைத்து, நிறமில்லாத பிளாஸ்டிக் விரிப்பை மண்ணோடு ஒட்ட விரித்து, ஓரங்களைப் புதைத்து 6 முதல் 8 வாரம் விடுங்கள். தென்கிழக்குக் காற்று ஓரத்தைத் தூக்கினால் சூடு போய்விடும், அந்த இடத்தில் புல் பிழைத்துக்கொள்ளும். எனவே மேலே கல் வையுங்கள். பிறகு தோட்ட முள்கரண்டியால் கிளறி, மிஞ்சிய தண்டுகளைப் பொறுக்கி எடுங்கள்.

நடவேண்டியது ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதத்தில். டர்பன் சொந்தக்காரர்கள் அக்டோபரில் நடச் சொல்வார்கள், அவர்களுக்குக் கோடையில் மழை. உங்களுக்கோ குளிர்காலத்தில்தான் மழை. அந்த மழையிலேயே வேர் ஆழம் போனால்தான் முதல் கோடையைச் செடி தாங்கும்.

தாகம் ஒத்த செடிகளை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது. கறிவேப்பிலை, துளசி, கொத்தமல்லி சமையலறைப் பக்கம். செம்பருத்தி, எலுமிச்சை அடுத்த வரிசை. தெருவோரம் ஸ்பெக்பூம் (தடித்த இலையுள்ள புதர்ச்செடி), கற்றாழை, கசானியா (பூச்செடி), காட்டுப்பூண்டு. கற்றாழைக்குப் பக்கத்தில் கொத்தமல்லி போட்டால் ஒன்று அழுகும், இல்லையேல் மற்றது வாடும். கறிவேப்பிலைக்கு வடக்கு பார்த்த சுவரோரம் கொடுங்கள். தமிழ்நாட்டுத் தோட்டப் புத்தகங்கள் சொல்லும் வெயில் திசை இங்கே தலைகீழ்: குளிர்கால வெயில் நமக்கு வடக்கிலிருந்துதான் வருகிறது. சுவரின் சூடு அந்தச் செடியைக் குளிரிலிருந்து காக்கும்.

உங்கள் பகுதி மணல் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் நீரை உள்ளே விடாது, மேலேயே ஓடவிடும். சமையலறைப் பக்கமும் அடுத்த வரிசையிலும் 5 செ.மீ. மட்கு உரம் பரப்பி 20 செ.மீ. ஆழம் கலந்துவிடுங்கள். நட்ட பின் எல்லா இடத்திலும் 7 செ.மீ. மரச்சீவல் மூடாக்கு. தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுவிடுங்கள், ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும். புரோட்டியா நட்டால் அதற்கு மட்டும் கோழி எருவோ எலும்புத்தூளோ வேண்டவே வேண்டாம், பாஸ்பரஸ் அதற்கு நஞ்சு. பாசத்தோடு எரு வைத்தே பலர் அதைக் கொன்றுவிடுகிறார்கள்.

முதல் கோடையில் தெருவோரச் செடிக்கு வாரம் ஒரு முறை 10 லிட்டர், மெதுவாக. தினமும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். துணி துவைத்த நீரை எலுமிச்சைக்கு விடலாம், ஆனால் அன்றைக்கே; பிளீச் கலந்திருக்கக் கூடாது. துளசிக்கும் கொத்தமல்லிக்கும் கூடாது.

கேள்வி: கூரை நீர் சேரும் 2,500 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியில் சொட்டுநீர்க் குழாய் மாட்டினோம். கடைசிச் செடிகளுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். கூரைத் தூசியும் இலைத்துகளும் அடைத்திருக்கும். அதன் பிறகும் வராவிட்டால் அழுத்தம்தான் குறை. தொட்டி நீர்மட்டம் செடியை விட 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.1 பார் (அழுத்த அலகு) அழுத்தம்தான் கிடைக்கும். கடைக்காரர் கொடுத்தது அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பராக (சொட்டு விடும் முனை) இருந்தால், அது பெரும்பாலும் 0.5 பாருக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. சாதாரண டிரிப்பராக மாற்றுங்கள், அல்லது சிறு பம்பு வையுங்கள். உங்கள் ஊர் மேடு பள்ளம். குழாயைச் சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில் ஓட்டுங்கள். மேலிருந்து கீழே விட்டால் கீழ்ச்செடிகள்தான் குடிக்கும். தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே இரண்டரை டன் எடை. அடித்தளம் மட்டமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும்.

கேள்வி: மாரியம்மன் பூஜைக்கு வேப்பிலைக்குப் பதில், வேம்பைப் போன்ற சிரிங்கா மரத்தின் இலைதான் எடுக்கிறோம். வறட்சி தாங்கும் மரம், வீட்டில் ஒன்று நடலாமா?
– வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: வறட்சி தாங்கும், ஆனால் நட வேண்டாம். அது அரசின் அயல் ஊடுருவல் தாவரப் பட்டியலில் இருக்கிறது. பறவைகள் பழத்தைத் தின்று ஓடைக்கரை எல்லாம் விதைத்துவிடுகின்றன. பழம் குழந்தைகளுக்கும் நஞ்சு. உறைபனி விழாத உங்கள் கடலோரத்தில் வேம்பையே வளர்க்கலாம். வெயில் படும், நீர் தேங்காத இடமாகப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டு மட்டும் மண்ணைக் காயவிடாமல் ஊற்றுங்கள்.