கையால் கட்டும் ராக் கிராலர்: கேள்வி பதில்

ராக் கிராலர் என்றால் பாறையில் மெதுவாக ஏறும் ரிமோட் கார். கீழே வரும் எண்கள் 1:10 அளவுக்கானவை: 313 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடைத்தூரம்), 1.9 அங்குல ரிம், சுமார் 115 மி.மீ. டயர். வேறு அளவில் கட்டுபவர்கள் அப்படியே எடுக்க வேண்டாம்.

கேள்வி (கோவை): ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் லிங்க் கம்பிகளை எதில் செய்வது? லேத்து இல்லாமல் முடியுமா?

முடியும். இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, 6 மி.மீ. அலுமினியக் கம்பியின் இரு முனையிலும் 2.5 மி.மீ. துளை போட்டு எம்3 மரை வெட்டுவது. மரை 15 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, டேப்பை (மரை வெட்டும் கருவி) அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருப்பிச் சுருளை உடைத்துக்கொண்டே போங்கள். ஒரே மூச்சில் திருகினால் டேப் உள்ளேயே முறியும். அப்புறம் அந்தக் கம்பி குப்பைக்குத்தான். கைத் துளைப்பானில் துளை நடுவை விட்டு ஓடும் என்பதுதான் இதில் சிக்கல். அருகில் லேத்துப் பட்டறை இருந்தால் எட்டுக் கம்பிக்கும் (ஆக்சிலுக்கு நான்கு) நடுவைக் காட்டும் சென்டர் துளை மட்டும் போட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது வழியையே நான் பரிந்துரைப்பேன். எம்4 ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பியின் மேல் 6 மி.மீ. வெளிவிட்டம், 4 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயைச் செருகி, இரு பக்கமும் ராட் எண்டை (போல்ட் துளையுள்ள முனை) திருகிக் குழாயை இறுக்கிவிடுங்கள். ஹாக்ஸாவும் அரமும் போதும். பாறையில் அடிபட்டு வளைந்தால் மரைக்கம்பியை மட்டும் மாற்றலாம்.

நீளத்தைக் கம்பியில் அளக்காதீர்கள். போல்ட் துளை மையத்திலிருந்து மையம் வரைதான் கணக்கு. ஒரு பலகையில் வேண்டிய தூரத்தில் இரண்டு எம்3 ஸ்க்ரூவை நிறுத்தி, ஒவ்வொரு லிங்க்கையும் அதில் மாட்டிப் பாருங்கள். இடது வலது கீழ் லிங்க்கில் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் ஆக்சில் கோணலாக உட்காரும்.

கேள்வி (சேலம்): எந்த மோட்டார்?

540 அளவு பிரஷ்டு (கார்பன் பிரஷ் உள்ள) மோட்டார், 55 டர்ன் (கம்பிச் சுற்று), 2எஸ் லைப்போ, அதாவது இரண்டு செல் லித்தியம் பேட்டரி. வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் சுற்றளவு சுமார் 36 செ.மீ. மோட்டார் 12,000 ஆர்.பி.எம்., மொத்த கியர் விகிதம் 40:1 என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று. அதாவது மணிக்கு 6.5 கி.மீ. இதற்கு மேல் பாறையில் தேவையில்லை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. வாங்கும்போது டிராக் பிரேக்கை (திராட்டிலை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) 100% வைக்க முடியுமா என்று கேளுங்கள். சரிவில் விரலை எடுத்ததும் வண்டி அப்படியே நிற்க வேண்டும்.

கேள்வி (திருச்சி): கியர்பாக்ஸ் கூட்டை பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்திருக்கிறேன். 20 நிமிடம் ஓடியதும் கியர் கரகரவென்கிறது.

பி.எல்.ஏ. 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும். ஏறும்போது மோட்டார் உடம்பு அதைச் சுலபமாகத் தாண்டும். மோட்டார் ஸ்க்ரூ இருக்கும் இடம் குழைந்து, பினியன் (மோட்டார் தண்டில் உள்ள சின்னப் பல் சக்கரம்) விலகிவிட்டது. மோட்டார் பிளேட்டை 3 மி.மீ. அலுமினியத் தகட்டில் வெட்டுங்கள், சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். பேட்டரித் தட்டு, விளக்குக் கூடு இதற்கெல்லாம் பி.எல்.ஏ. போதும்.

கேள்வி (சென்னை): ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்து மறுபடி உயிர் பெறுகிறது. ரிசீவர் கோளாறா?

ரிசீவர்மேல் பழி போடாதீர்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும் 25 கிலோ (முறுக்கு விசை) சர்வோ மோட்டார், சக்கரம் பாறையில் மாட்டி நின்றால் 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பெக் (பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்கும் சர்க்யூட்) பெரும்பாலும் 2-3 ஆம்பியர்தான். வோல்டேஜ் சரிந்து ரிசீவர் அணைந்து எழுகிறது. 5 ஆம்பியருக்குக் குறையாத தனி பெக் ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கி, நேராக பேட்டரியிலிருந்து சர்வோவின் சிவப்பு வயருக்குக் கொடுங்கள். சிக்னலும் கறுப்பும் ரிசீவருக்கு. தனி பெக்கின் கறுப்பும் அந்தக் கறுப்போடு சேர வேண்டும். இரண்டு பெக்கின் சிவப்பையும் ஒன்றாக இணைக்கவே கூடாது. பெக்கில் 6 வோல்ட் வைப்பதா 7.4 வைப்பதா என்பதைச் சர்வோ லேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): முன் ஆக்சிலுக்கு 4 லிங்க் (மேலே இரண்டு, கீழே இரண்டு) போட்டு, சர்வோவைச் சேஸிஸில் வைக்கலாமா?

கூடாது. மேல் லிங்க் இரண்டும் முக்கோணமாக இருந்தால் ஆக்சில் நேராக மேலே போகும். ஆனால் சர்வோவையும் சக்கரத்தையும் இணைக்கும் டிராக் லிங்க்கின் முனை வில்போன்ற பாதையில் போகும். விளைவு, நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். சர்வோவை ஆக்சில் மேலேயே வையுங்கள். இல்லையென்றால் 3 லிங்க்கும், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸிஸோடு குறுக்காகப் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியும் போடுங்கள்.

மதுரைக்காரர் மறுபடியும்: ஆறு மாதமாக அப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் தெரியவில்லையே.

மெதுவாகப் போகும் வண்டியில் உங்கள் விரல் தானாகவே திருத்திக்கொள்கிறது. மேசையில் வையுங்கள், ரிமோட்டை ஆன் செய்து ஸ்டியரிங்கைத் தொடாமல், சேஸிஸின் முன்பக்கத்தை அடி தட்டும்வரை அமுக்கி டயரைப் பாருங்கள். கணக்கு இது: 100 மி.மீ. டிராக் லிங்க் கிடைமட்டமாக இருக்கிறது. ஆக்சில் 25 மி.மீ. ஏறினால் லிங்க்கின் முனை 3.2 மி.மீ. பக்கவாட்டில் நகரும். ஸ்டியரிங் ஆர்ம் (சக்கரத்தைத் திருப்பும் கை) 20 மி.மீ. என்றால் அது 9 டிகிரி. பக்கச் சரிவில் 9 டிகிரி தப்பாகத் திரும்பினால் வண்டி உருளும்.

கேள்வி (ஈரோடு): அப்படியென்றால் 4 லிங்க்கோடு பான்ஹார்டையும் சேர்த்துவிட்டால்?

இரண்டும் சண்டை போடும். ஒன்று நேராகப் போ என்கிறது, மற்றது வளைந்து போ என்கிறது. நான்கு ஷாக்கையும் கழற்றிவிட்டுச் சேஸிஸைத் தூக்குங்கள். ஆக்சில் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் இறுக்கம் அங்கேதான். மேல் லிங்க் ஒன்றைக் கழற்றிவிடுங்கள், 3 லிங்க் ஆகிவிடும். ஆக்சிலின் முறுக்கு முழுவதும் இனி அந்த ஒற்றை லிங்க்கில்தான் வரும். அதனால் அதன் போல்ட்டை இரண்டு பக்கமும் தகடு பிடிக்கும்படி மாட்டுங்கள்.

கேள்வி (மதுரை): பான்ஹார்டும் டிராக் லிங்க்கும் ஒரே நீளம் இருக்கணும்னு சொல்றாங்க. என் வண்டியில் இடமே இல்லை.

நீளத்தைவிடச் சாய்வு முக்கியம். பான்ஹார்ட் 120 மி.மீ. என்றால் அதே 25 மி.மீ. ஏற்றத்தில் அது 2.6 நகரும். வித்தியாசம் 0.6 மி.மீ., அதாவது 2 டிகிரிக்கும் குறைவு. விட்டுவிடலாம். ஆனால் பான்ஹார்டின் சேஸிஸ் முனை சர்வோ இருக்கும் பக்கமே இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மாட்டினால் இரண்டு நகர்வும் கூடி 5.8 மி.மீ., கிட்டத்தட்ட 17 டிகிரி. இப்படி மாட்டிவிட்டுச் சர்வோவைக் குறை சொல்பவர்கள் நிறைய.

கேள்வி (நெல்லை): எந்த மோட்டார் நல்லது?

சேலத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

கேள்வி (வேலூர்): ஆக்சிலுக்கு ஒன்றாக 12 வோல்ட் கியர் மோட்டார் வைத்தால் டிரான்ஸ்மிஷனே வேண்டாமே?

ஆக்சில் மேல் மோட்டார் என்பது பழைய யோசனைதான். 1987இல் வந்த டாமியா கிளாட் பஸ்டரில் அப்படித்தான் இருந்தது, ஆரம்பகால கிராலர்கள் பலவும் அதை வைத்தே கட்டப்பட்டன. ஆனால் 37 மி.மீ. விட்டமுள்ள கியர் மோட்டாரில் பல் சின்னது. சக்கரம் இடுக்கில் சிக்கி நீங்கள் திராட்டில் கொடுத்தால் கடைசிப் பல் சக்கரம்தான் முதலில் போகும். பழகிப் பார்க்கக் கட்டுங்கள், பாறைக்கு வேண்டாம்.

கேள்வி (ஓசூர்): வேகம் குறைவாக இருக்கும்போது பின் சக்கரம் விட்டுவிட்டு இழுக்கிறது.

பின் ஆக்சிலுக்குப் போகும் ஷாஃப்ட்டைக் கழற்றி மேசையில் வையுங்கள். இரு முனை யோக்கும் (கவை போன்ற இணைப்பு) ஒரே தளத்தில் இருக்கிறதா? 90 டிகிரி மாறி இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். சறுக்கும் பகுதியை உருவி, திருப்பிச் செருகினால் தீர்ந்தது. கூடவே, ஆக்சில் முழுக்கத் தொங்கும்போது அந்தச் சறுக்கும் பகுதி 10 மி.மீ.யாவது உள்ளே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (தஞ்சை): ஸ்டியரிங் திருப்பினால் வண்டி ஆஃப் ஆகிறது, ரிசீவர் மாற்றட்டுமா?

பெக். மேலே சென்னைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். சர்வோ வாங்கும் பணத்தோடு பெக் பணத்தையும் எடுத்து வையுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): எடை எங்கே வைப்பது?

முன்னே 55 முதல் 60 சதவீதம். இரண்டு சமையலறைத் தராசில் ஆளுக்கொரு ஆக்சிலை ஏற்றினால் தெரிந்துவிடும். முதலில் பேட்டரியை முன்னே, தாழ்வாக நகர்த்துங்கள். போதாவிட்டால் டயர் கடையில் கிடைக்கும் ஒட்டு ஈயத்தை முன் ரிம்முக்குள் ஒட்டுங்கள், சக்கரத்துக்கு 60 முதல் 80 கிராம். கூரையில் ஏணி, ஜெர்ரிக்கேன் எல்லாம் வைத்துவிட்டு வண்டி கவிழ்கிறதே என்று கேட்காதீர்கள்.

கேள்வி (கடலூர்): இதே ரிமோட் டிரோனுக்கு ஆகுமா?

டிரோன் கட்டுபவரைக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): பான்ஹார்டைச் சர்வோ பக்கம் மாற்றினேன். இன்னும் கொஞ்சம் திரும்புகிறது.

பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள், நேர் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். பான்ஹார்ட், டிராக் லிங்க் இரண்டு கம்பியும் இணையாகத் தெரிய வேண்டும். சர்வோ ஹார்ன் (சர்வோ தண்டில் உள்ள கை) உயரமாக இருந்தால் டிராக் லிங்க்கின் பால் எண்டை (உருண்டை முனை) அதன் அடிப்பக்கம் மாட்டுங்கள், அல்லது பான்ஹார்டின் சேஸிஸ் முனையை 2 மி.மீ. வாஷர் வைத்து உயர்த்துங்கள். ஒவ்வொரு வாஷருக்கும் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.