பைன் மரத்தில் நுனி கருகுகிறது, எப்போது மருந்தடிப்பது?

கேள்வி: எங்கள் குடியிருப்பு வளாகத்தில் நடைபாதையை ஒட்டி ஆறு பைன் மரங்கள் நிற்கின்றன. நட்டு முப்பது வருடம் இருக்கும். இரண்டு வருடமாகக் கீழ்க்கிளைகளின் நுனி பழுப்பாகிக் காய்கிறது. காய்ந்ததைப் பார்த்ததும் தாமிர மருந்து அடித்தோம், பலன் இல்லை. வெட்டிவிடலாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், வெட்ட அவசரப்படாதீர்கள். நீங்கள் மருந்து அடித்த நேரம் பிந்திவிட்டது. பழுப்பு நம் கண்ணில் படும்போது பூஞ்சாணம் குருத்துக்குள் நன்றாக இறங்கியிருக்கும். காய்ந்த இலையை எந்த மருந்தும் திரும்பப் பச்சையாக்காது.

முதலில் இது எந்தக் கருகல் என்று பாருங்கள். காய்ந்த நுனி ஒன்றை ஒடித்துக் கையில் வையுங்கள். இந்த வருடக் குருத்து குட்டையாக நின்று, ஊசி இலைகள் முழு நீளம் வளராமல், பிசின் ஒட்டியிருந்தால் அது டிப்ளோடியா நுனிக்கருகல். இலையின் அடியிலுள்ள உறையை நகத்தால் உரித்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரியும். மரத்தடியில் கிடக்கும் பழைய காய்களின் செதிலிலும் அதே புள்ளிகள் இருக்கும். குருத்து நன்றாக இருந்து, பழைய இலைகளில் மட்டும் செம்பழுப்புப் பட்டை விழுந்து, நுனி காய்ந்து அடி பச்சையாக இருந்தால் அது டோதிஸ்ட்ரோமா என்ற இன்னொரு பூஞ்சாணக் கருகல். இலையுதிர் காலத்தில் கிளையின் உட்பக்கத்துப் பழைய இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதற்கு மருந்தே வேண்டாம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிப்ளோடியாவாகத்தான் தெரிகிறது. இந்தப் பூஞ்சாணம் காய்களில் பெருகும். மழை பெய்யும்போது பூஞ்சாண வித்துகள் கீழே தெறித்து இளங்குருத்தில் ஒட்டும். காய்க்கிற வயதான மரங்களில் பாதிப்பு அதிகம் இருப்பதும், கீழ்க்கிளைகள் முதலில் கருகுவதும் இதனால்தான்.

வசந்தத்தில் மொட்டு பருத்து, மேலுறை வெடிப்பதற்கு முன் முதல் தெளிப்பு. அப்புறம் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு. குருத்து மெழுகுவத்திபோல் நிமிர்ந்து நீளும் அந்தச் சில வாரங்கள்தான் முக்கியம். தயோஃபனேட் மெத்தில் அல்லது புரோப்பிகோனசோல் என்ற பூஞ்சாணக்கொல்லி மருந்தை, உங்கள் பகுதியில் பைனுக்கு அனுமதி உள்ளதாகப் பார்த்து, மருந்தின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள அளவிலேயே கலக்குங்கள். மருந்து குருத்தைக் காக்கும், காயைக் காக்காது. அதனால் ஒரு வருடத்தோடு நிறுத்த முடியாது. டோதிஸ்ட்ரோமாவாக இருந்தால் தாமிர மருந்தே போதும்: குருத்து விடுவதற்கு முன் ஒருமுறை, புது இலை ஓரளவு வளர்ந்த பின் ஒருமுறை.

உயரமான மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. பக்கத்தில் ஜன்னலும் குழந்தைகள் விளையாடும் இடமும் இருக்கும். காற்றில்லாத காலையில், முறையான அனுமதி பெற்ற ஆளை வைத்தே அடியுங்கள்.

காய்ந்த கிளைகளை மழையில்லாத உலர்ந்த நாளில் மட்டும் வெட்டுங்கள். ஈர நாளில் வெட்டினால் கத்தரியோடு நோயும் மரம் மரமாகப் போகும். ஒவ்வொரு வெட்டுக்கும் பின் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் நனையுங்கள். வெட்டியதையும் விழுந்த காய்களையும் அங்கேயே விடாமல் அப்புறப்படுத்துங்கள்.

இதையெல்லாம்விட வேரைப் பாருங்கள் என்பேன். வறட்சியில் வாடிய மரத்தில் டிப்ளோடியா குருத்தோடு நிற்காது, கிளைக்குள்ளும் இறங்கிவிடும். உங்கள் மரங்களுக்கு ஒரு பக்கம் நடைபாதைக் கான்கிரீட், மண்ணும் கால்பட்டு இறுகியிருக்கும். கோடையில் வாரம் ஒருமுறையாவது ஆழமாக நனையும்படி வேர்ப்பகுதியில் தண்ணீர் விடுங்கள். புல்தரைக்கு நீர் தெளிக்கும் குழாய் இலையில் படுகிறதா என்று பார்த்து உடனே திருப்பிவிடுங்கள். அடிமரத்தைத் தொடாமல் மூன்று அங்குலம் மரச்சில்லு மூடாக்குப் போடுங்கள். இப்படி இரண்டு வசந்தம் கவனித்த பிறகும் பாதிக்கு மேல் கிளை பட்டுப்போன மரம் எது என்று தெரியும். அதை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பைன் அல்லாத வேறு இனம் வையுங்கள்.