பனியில் ராபினைப் பார்த்தால் வசந்தம் வந்துவிட்டதா?

கேள்வி: மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். பிப்ரவரி தொடக்கத்தில் வாசல் கிராப் ஆப்பிள் மரத்தில் ராபின் பறவைகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தன. "ராபின் வந்துட்டா வசந்தம் வந்த மாதிரி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மறுநாளே பனி கொட்டியது. பாவம், ஏமாந்து வந்துவிட்டனவா? தீனி வைக்கலாமா? வசந்தத்தை எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது?

பதில்: அவை ஏமாறவில்லை. ஊரைவிட்டே போகாத ராபின்களாக இருக்கும். இல்லையென்றால் கனடாவிலிருந்து இறங்கி வந்தவையாக இருக்கும். அவற்றுக்கு உங்கள் மிச்சிகனே தெற்குதான். இந்தப் பறவையை இடம் பெயர வைப்பது குளிரைவிடப் பசிதான். இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் கடும் குளிரையும் தாங்கிவிடும். தரை உறைந்து மண்புழு கிடைக்காதபோது பழத்துக்கு மாறிவிடும். கிராப் ஆப்பிள், ஜூனிப்பர், ஹாதார்ன் என்று காய்த்திருக்கும் மரத்தைத் தேடிக் கூட்டமாக அலையும். ஒரு மரம் காலியானால் அடுத்த தெரு. அதனால்தான் ஒரு நாள் மரம் நிறைய இருந்துவிட்டு, மறுநாள் ஒன்றுகூட இல்லாமல் போகிறது.

ஆகவே ராபின் கண்ணில் பட்டதா என்பதைவிட, அது என்ன செய்கிறது என்று பாருங்கள். மரத்தில் கூட்டமாக இருந்தால் இன்னும் குளிர்காலம்தான். கூட்டம் கலைந்து, ஒற்றைப் பறவை புல்தரையில் இறங்கினால் காலம் மாறுகிறது. பகல், இரவு சேர்ந்த சராசரி வெப்பநிலை 37 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டி வரும்போது தரை இளகும், மண்புழு மேலே வரும், ராபின்களும் வடக்கே நகரும். உங்கள் பக்கம் பெரும்பாலும் மார்ச் மாதம்.

அது இரை தேடுவதை ஜன்னலோரம் நின்றே பார்க்கலாம். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், தரையை உற்றுப் பார்க்க அப்படித்தான் சாய்த்தாக வேண்டும். புழு அகப்பட்டதும் காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுக்கும்.

அடுத்த அடையாளம் பாட்டு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண்கள்தான். தலை கருமையாகவும் மார்பு அழுத்தமான செங்கல் நிறமாகவும் இருக்கும். இடம் பிடித்த ஆண், பொழுது விடியும் முன்பே உயரமான கிளையில் உட்கார்ந்து, விட்டுவிட்டு ஏறி இறங்கும் குரலில் பாடத் தொடங்கும். பார்த்த தேதி ஒன்று, பாட்டு கேட்ட தேதி ஒன்று என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். 1994இல் தொடங்கிய ஜர்னி நார்த் திட்டத்தில் பொதுமக்கள் இத்தகைய தகவல்களைப் பதிவு செய்து வருகிறார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் மார்பில் சேறு அப்பிய ராபினைப் பார்த்தால், அது கூடு கட்டும் பெண். சேற்றையும் புல்லையும் வைத்து, நெஞ்சால் அழுத்தி அழுத்திக் கிண்ணம்போல வடிவமைக்கும். வாசல் விளக்கின் மேல்கூடக் கட்டிவிடும். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். முட்டையிலிருந்து குஞ்சு வெளிவர இரண்டு வாரம், பறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை பின்வாசலைப் பயன்படுத்துங்கள்.

தீனி வைத்தே ஆகவேண்டும் என்றில்லை. ஆனால் மார்ச்சில் பழமெல்லாம் தீர்ந்த பிறகு பனி கொட்டினால் உதவியாக இருக்கும். தொங்கவிடும் விதைப் பெட்டியை இவை பொதுவாகச் சீண்டாது. பனியை ஒதுக்கிய தரையில் நறுக்கிய ஆப்பிள், ஊறவைத்த உலர் திராட்சை, கடையில் பறவைத் தீனியாக விற்கும் மீல்வார்ம் புழு வையுங்கள். நாய் வளர்த்தால் திராட்சை வேண்டாம், அதற்கு விஷம்.

இதைவிட முக்கியம், புல்தரைக்குப் பூச்சி மருந்து அடிக்காமல் இருப்பது. 1950களில் உங்கள் மாநிலத்திலேயே, ஈஸ்ட் லான்சிங் பல்கலைக்கழக வளாகத்தில், எல்ம் மரங்களின் நோயைத் தடுக்க டிடிடி என்ற பூச்சி மருந்தைத் தெளித்தார்கள். மருந்து படிந்து உதிர்ந்த இலையை மண்புழு தின்றது, புழுவை ராபின் தின்றது. வசந்தத்தில் வந்த ராபின்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அங்கிருந்த பறவையியலாளர் ஜார்ஜ் வாலஸ் இதைப் பதிவு செய்தார். அமெரிக்காவில் டிடிடிக்கு இப்போது தடை. ஆனால் மண்ணில் தெளிப்பது புழு வழியாகப் பறவைக்குப் போகும் பாதை அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், ஏப்ரல் மே மாதங்களில் ஒரு ராபின் ஜன்னல் கண்ணாடியை ஓயாமல் மோதினால் பயப்படாதீர்கள். தன் பிம்பத்தையே எதிராளி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. உள்ளே திரை போட்டால் பிம்பம் மறையாது. வெளிப்பக்கம் துணியோ காகிதமோ ஒட்டுங்கள்.